உறுப்பினர் எண் 18 வசமுள்ள பன்னிரண்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டை எனக்கு மாற்றித் தரக் கோருதல்

அனுப்புநர்:
ஆ. பிரபாகர் (வயது 42),
த/பெ. ஆண்டி,
அறிவு டிசைனிங்,
சேலம் சாலை, நாமக்கல்.
(உறுப்பினர் எண் 17)

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
பொன்னி லாரி வரைகலைஞர் தொழிற்கூட்டுறவுச் சங்கம்,
நாமக்கல்.

பொருள்: சங்கம் ஒதுக்கிய கணினிகளில் உள்ள கிராபிக்ஸ் கார்டுகள் – எனக்கு 8 ஜிபி, அடுத்த கடைக்கு 12 ஜிபி – அதனால் என் வேலை தடைப்பட்டு நிற்பது – போகிப் பண்டிகைக்குள் இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சங்கத்தின் 12.07.2024 நாளிட்ட கணினி ஒதுக்கீட்டு ஆணை. 2. சங்கத் துணை விதி 9.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசையில் இதைவிட முக்கியமான மனுக்கள் காத்திருக்கும் என்பதை அறிவேன். ஒரு வாரம் யோசித்து, மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டு, நான்காவதாக எழுதியது இது. அருள்கூர்ந்து கடைசித் தாள் வரை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் நாமக்கல்லில் பதினான்கு ஆண்டுகளாக, லாரி பாடிகளுக்குக் கணினியில் முப்பரிமாணப் படம் செய்து கொடுத்து வருகிறேன். வண்டியின் அடிச்சட்டமாகிய சேஸிஸ் மட்டும் வாங்கி வரும் முதலாளி, பாடி கட்டி முடித்த பின் தன் வண்டி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க ஆசைப்படுகிறார். பக்கப் பலகை எத்தனை அடி, கேபின் நெற்றியில் எந்தச் சாமி, பின்கதவில் தாமரையா மயிலா என்பதெல்லாம் என் திரையில்தான் முடிவாகின்றன. வண்டி திரையில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும். முதலாளி தலையாட்டினால் பட்டறையில் வெல்டிங் தொடங்கும். தாங்கள் அலுவலகம் வரும் வழியில் பார்க்கும் புது வண்டிகளில் நாலில் ஒன்று என் கடையில் வரைந்தது என்பதைத் தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. உறுப்பினர் எண் 18 ஆகிய திரு. குமரகுரு (வயது 34) இதே தொழிலை என் கடைக்கு அடுத்த கடையில் ஆறு ஆண்டுகளாகச் செய்து வருகிறார். இரண்டு கடைக்கும் நடுவே இருப்பது ஒரே செங்கல் சுவர். அவர் எனக்குச் சகலை. என் மனைவி அறிவுச்செல்வியின் தங்கை வெண்ணிலாவைக் கட்டியவர். இந்த உறவு என் மனுவின் தகுதியைப் பாதிக்காது என்று நம்புகிறேன். அடுத்த கடை காலியாக இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக் கூட்டி வந்து வாடகை பேசிக் கொடுத்தவன் நான்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். யார் என்னைச் சொல்லச் சொன்னார்கள் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

3. கடந்த ஜூலை மாதம் சங்கம் உறுப்பினர்களுக்கு ஆறு கணினிகளை வழங்கியது. கடைசியாக மீந்த இரண்டு எனக்கும் குமரகுருவுக்கும் உரியவை. பெட்டி, மின்வழங்கி, பிராசசர் எல்லாம் இரண்டிலும் ஒன்றே. கிராபிக்ஸ் கார்டு மட்டும் வேறு வேறு. கணினிக்குள் படம் வரைவதற்கென்றே தனியாக இருக்கும் பலகையைத்தான் கிராபிக்ஸ் கார்டு என்கிறோம். எங்கள் தொழிலுக்கு அதுதான் எஞ்சின். கணினி விற்ற கடையில் ஒரே மாடல் இருப்பு இல்லாததால் ஒன்றில் ஆர்டிஎக்ஸ் 4060, மற்றதில் ஆர்டிஎக்ஸ் 3060 என்று வந்துவிட்டன. உறுப்பினர் எண் வரிசைப்படி தேர்வு செய்துகொள்ளலாம் என்று அறிவித்தார்கள்.

4. நான் 17, அவர் 18. இந்த வரிசை தற்செயலாக வந்ததல்ல. சங்கத்தில் சேர இருவரும் ஒரே நாளில்தான் வந்தோம். அவர் எனக்கு முன்னால் நின்றிருந்தார். நான் அவரைப் பின்னால் போகச் சொன்னேன். எங்கள் மாமனார் வீட்டில் விருந்து என்றால் மூத்த மருமகனாகிய எனக்குத்தான் முதல் இலை போடுவார்கள். ஈரல் என் இலைக்கு வந்த பிறகே மற்ற இலைக்குப் போகும். அதே முறையைச் சங்கத்திலும் கடைப்பிடித்தேன். அவரும் மறுபேச்சில்லாமல் பின்னால் போனார்.

5. தேர்வு நாளில் இரண்டு கார்டுகளின் காலி அட்டைப் பெட்டிகளையும் மேசை மேல் வைத்திருந்தார்கள். ஒன்றின் எண் நாற்பதில் தொடங்கியது, மற்றதன் எண் முப்பதில். நான் நாற்பதின் மேல் கை வைத்தேன். அப்போது சங்க எழுத்தர் திருமதி தேவிப்ரியா எதுவும் சொல்லவில்லை என்றுதான் முதல் மனுவில் எழுதினேன். அது பொய் என்பதால் அந்தத் தாளைக் கிழித்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “உங்க வேலைக்கு அந்த முப்பதுதானுங்க தோதுப்படும். அதுல பன்னெண்டு ஜிபி இருக்குதுங்க. ஒருக்கா ரோசன பண்ணிக்குங்க.” அதற்கு நான், “பழச என்ற தலையில கட்டலாம்னு பாக்கறீங்களா? மூத்தவனுக்குப் புதுசு, எளையவனுக்குப் பழசு. எழுதிக்குங்கம்மா” என்றேன். குமரகுரு பக்கத்தில் நின்றுகொண்டு, “அண்ணன் எடுத்துக்கட்டுங்க. எனக்கு எதுன்னாலுஞ் சரிதானுங்க” என்றார். அன்று அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். பிற்பாடு அதில் ஏதும் உள்நோக்கம் இருந்ததோ என்று பல நாள் நோண்டிப் பார்த்தேன். ஆதாரம் கிடைக்காததால் குற்றச்சாட்டாக வைக்கவில்லை.

6. தொடக்கத்தில் என் கார்டே மேலானது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. காலையில் இருவரும் ஒரே நேரத்தில் படம் செய்யும் பொத்தானை அழுத்தி, இரண்டும் முடிந்த பிறகு டீக்கடைக்குப் போவது வழக்கம். ஒரே ஒரு லாரி உள்ள படம் என்றால் என் கணினி மூன்று நிமிடம் பத்து விநாடியில் முடிக்கும். அவருடையது நான்கு நிமிடம் இருபது விநாடி எடுக்கும். இதை நான் கைக்கடிகாரம் வைத்து நாற்பத்தொரு நாட்கள் குறித்து வைத்திருக்கிறேன். என் கார்டின் விசிறிச் சத்தம் காதில் விழாது. அவருடையது சுவருக்கு இந்தப் பக்கம் வரை மாவு மில் மாதிரி இரையும். “பாவம், பழைய மாடலு. சூடு ஏறாம பாத்துக்கப்பா” என்று அவருக்கு அடிக்கடி ஆறுதல் சொன்னேன். அவரும் “ஆமாங்ணா” என்று கேட்டுக்கொண்டார். ஆயுத பூஜைக்கு என் கார்டின் அட்டைப் பெட்டியை வாசலுக்கு நேராகக் கண்ணாடி அலமாரியில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டேன். 4060 என்ற எண் தெருவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மாலையை இரண்டு முறை தள்ளிவிட்டேன்.

7. இருப்பினும் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட இயலவில்லை. ஆடிப்பெருக்கு அன்று மாமனார் குடும்பத்துடன் ஜேடர்பாளையம் தடுப்பணைக்குப் போயிருந்தோம். மாமனார் திரு. சின்னண்ணன் நாற்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். ஆற்றில் குளித்துவிட்டு வந்து மீன் சாப்பிட உட்கார்ந்தபோது, நான் என் செல்போனில் புது லாரியைச் சுற்றவிட்டுக் காட்டினேன். ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு “நல்லாருக்குதுங்க மாப்ளே” என்றார். அடுத்து குமரகுரு தன் செல்போனை நீட்டினார். அதில் அவர் பழகிப் பார்க்கச் செய்த ஐந்து லாரிகள் வரிசையாக நின்றன. மாமனார் மூன்று சுற்றுப் பார்த்தார். கேபின் நெற்றியில் இருந்த முனியப்பனின் கண்ணை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கண் உடையாமல் அப்படியே நின்றது. இலையில் மீன் ஆறிக்கொண்டிருந்தது. “எம்பட வண்டியில ஏறி உக்காந்தாப்பலயே இருக்குது சாமி” என்றார். ஐயா, எனக்குத் திருமணமாகிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. என்னை அவர் மாப்ளே என்பார், வாங்க என்பார், உக்காருங்க என்பார். வாஞ்சையாகச் சாமி என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அன்று அவர் கண்ணில் பட்டது பெரிய படங்களைத் தாங்கும் பன்னிரண்டு ஜிபி நினைவகத்தின் வேலை. அந்தக் கார்டு என்னிடம் இருந்திருந்தால் அந்தச் சொல் யாருக்குக் கிடைத்திருக்கும் என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

8. இனி முறையீட்டுக்கு வருகிறேன். கடந்த 25.11.2024 அன்று, பாடி கட்டும் பட்டறை உரிமையாளர் திரு. கலையரசன் எனக்கு ஒரு பெரிய வேலை கொடுத்தார். அவர் பட்டறையில் கட்டிய வண்டிகளுக்கு இந்தப் பதினான்கு ஆண்டுகளில் என்னைத் தவிர வேறொருவர் படம் செய்ததில்லை. ஒரு டிரான்ஸ்போர்ட் குடும்பம் ஒரே நேரத்தில் பன்னிரண்டு லாரிகள் கட்டுகிறது. வண்டிக்கு ஒரு சாமி வீதம் பன்னிரண்டு சாமிகள். பன்னிரண்டும் மழை பெய்து ஓய்ந்த மைதானத்தில், சாயங்கால வெயிலில் நிற்க வேண்டும். கேமரா அவற்றை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர வேண்டும். குடும்பத்தார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த பிறகே பெயின்ட் டப்பாவைத் திறப்பார்களாம்.

9. ஏழு லாரிகள் வரை என் கணினி தாங்கியது. எட்டாவதை வைத்ததும் நினைவகம் போதவில்லை என்று திரையில் அறிவித்துவிட்டு நின்றுவிட்டது. சாமி படங்களின் அளவைக் குறைத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் உள்ளே வந்தன. ஆனால் திரு. கலையரசன் வந்து பார்த்துவிட்டு, “என்னங்க பிரபா, சாமிக்குக் கண்ணே தெரியிலியே. கண்ணு இல்லாத சாமிய எப்படிங்க அவுங்களுக்குக் காட்டறது?” என்றார். ஆறு ஆறாகப் பிரித்துச் செய்து ஒட்டிப் பார்த்தேன். ஏழாவது லாரியின் நிழல் ஆறாவது லாரியின் மேல் விழவில்லை. ஈரத் தரையில் ஆறு வண்டிகளுக்குப் பிம்பம் இருந்தது, ஆறுக்கு இல்லை. லாரியோடு பிறந்து வளர்ந்தவர்களை அப்படியெல்லாம் ஏமாற்ற முடியாது.

10. திரு. கலையரசன் கெடு வைத்துவிட்டார். அவர் கூறியது: “போகிக்குள்ள காட்டுனீங்கன்னா சரிங்க. இல்லீன்னா பக்கத்துக் கடையில குடுத்தர்றேன். தையிலருந்து நம்ம பட்டறை வேல பூராவும் அங்கயே போயிரட்டும். ரெண்டும் உங்க ஊடுதானுங்களே, யாரு செஞ்சா என்னங்க?” யார் செய்தால் என்ன என்று அவர் கேட்டதற்கு இம்மனுவே என் பதில்.

11. இரண்டு கார்டுகளின் விவரங்களையும் தங்கள் பார்வைக்குக் கீழே தருகிறேன். முதலில் இருப்பது என்னுடைய 4060, அடுத்து அவருடைய 3060.

நினைவகம்: 8 ஜிபி / 12 ஜிபி
நினைவகப் பாதையின் அகலம்: 128 பிட் / 192 பிட்
விநாடிக்குக் கடத்தும் அளவு: 272 ஜிபி / 360 ஜிபி
கணக்கிடும் கோர்கள்: 3072 / 3584
உச்ச ஓட்ட வேகம்: 2460 மெகாஹெர்ட்ஸ் / 1777 மெகாஹெர்ட்ஸ்
மின்சாரத் தேவை: 115 வாட் / 170 வாட்
சந்தைக்கு வந்த ஆண்டு: 2023 / 2021

12. இதை லாரிக் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். என்னுடையது புது எஞ்சின் போட்ட ஆறு சக்கர வண்டி. சீறிக்கொண்டு போகும், டீசல் குடிக்காது, சத்தம் போடாது. அவருடையது பன்னிரண்டு சக்கர வண்டி. மேட்டில் முனகும், சூடாகும், டீசல் குடிக்கும். ஆனால் ஏற்றிய லோடு முழுவதையும் ஒரே நடையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நினைவகத்துக்கும் சிப்புக்கும் நடுவே எனக்கு இருப்பது நாலு வழிச் சாலை, அவருக்கு இருப்பது ஆறு வழிச் சாலை. இல்லாத படத்தைத் தானாகவே வரைந்து இடையில் செருகும் புதுத் திறமை ஒன்று என் கார்டுக்கு உண்டு. அதைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அது கணினி விளையாட்டுகளுக்கு மட்டும் உதவுமாம். எனக்கு வயது 42.

13. ஆக, ஒற்றை லாரிக்கு என் கார்டு சிறந்தது, கூட்டமாக லாரிகள் வந்தால் அவர் கார்டு சிறந்தது. குமரகுருவுக்கு இன்று வரை வருவதெல்லாம் ஒற்றை லாரி வேலைகள்தான். கூட்டம் எனக்குத்தான் வந்திருக்கிறது. சங்கத்தின் சொத்து எங்கே பயன்படுமோ அங்கே இருப்பதே நியாயம் என்பது என் வாதம். இந்த வாதம் சரியானது என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் இதை மட்டும் எழுதி நிறுத்தினால் இம்மனு பாதி உண்மையாகிவிடும்.

14. மீதி உண்மை இது. பொறாமையில் எனக்கு வயிறு எரிகிறது. கண்ணாடி அலமாரியில் இருந்த அட்டைப் பெட்டியைக் கார்த்திகை மாதமே எடுத்துக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டேன். அவர் கணினி வேலையை முடிக்கும்போது ஒரு மணி ஒலிக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அது ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணுகிறேன். அந்த மாவு மில் சத்தம் நின்றால் கார்டு பழுதாகிவிட்டதோ என்று ஒரு நொடி மனம் குளிர்கிறது. மறுபடி சத்தம் கேட்டதும் வாடிப்போகிறது. என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “ஏனுங்க, அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டா நீங்க கொறஞ்சா போயிருவீங்க? நம்மூட்டு மனுசருதானுங்களே” என்றாள். குறைந்துதான் போவேன் என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

15. கடந்த 30.12.2024 அன்று காலை பதினொரு மணிக்கு நடந்ததைத் தெரிவிக்கிறேன். திரு. கலையரசன் என்னிடம் சொல்லாமல், பன்னிரண்டு லாரிகள் கொண்ட என் கோப்பின் பிரதி ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்படி குமரகுருவிடம் கொடுத்திருக்கிறார். சிறிது நேரத்தில் மணி ஒலித்தது. அது என் பன்னிரண்டு லாரிகளுக்கான மணி என்பது எனக்கு அப்போது தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துக் குமரகுரு என் கடைக்குள் வந்தார். கையில் வெள்ளைத் துண்டில் சுற்றி எதையோ வைத்திருந்தார். பிரித்தால், அவருடைய கார்டு. கணினியைத் திறந்து கழற்றிக் கொண்டு வந்திருக்கிறார். தூசி தட்டி, விசிறி இதழ்களைக்கூடத் துடைத்திருந்தார்.

அவர் சொன்னது: “அண்ணா, கலையரசண்ணன் இந்த வேலைய என்னச் செய்யச் சொன்னாருங்க. இது எங்க அண்ணனோட வேலைங்க, நான் தொட மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். ஆனா ஓட்டிப் பாத்தனுங்க. பன்னெண்டும் பதினொன்னே கால் ஜிபிக்குள்ள அடங்கிருது. இதப் போட்டு முடிச்சுக்குங்க. எனக்கு உங்குளுது போதுமுங்க.”

16. அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பெருமை இருக்கிறதா என்று தேடினேன். அதுவும் இல்லை. இந்த ஆறு மாதத்தில் ஒரு நாளாவது அவர் என் கார்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருந்தால், வேகத்தில் நான் முந்திய அந்த நாற்பத்தொரு நாட்களில் ஒரு நாளாவது அவருக்கு முகம் சுருங்கியிருந்தால், அந்தக் கார்டை நான் கை நீட்டி வாங்கியிருப்பேன். நாங்கள் இருவரும் சமம் என்று நினைத்திருப்பேன். “சங்கத்துச் சொத்து. தனி அலுவலர் உத்தரவு இல்லாம மாத்தக் கூடாதுன்னு விதி இருக்குது. கொண்டு போய் இருந்த எடத்துல மாட்டு” என்று அதட்டி அனுப்பினேன். “அப்படீங்களா, தெரியாதுங்ணா” என்று துண்டில் மறுபடி சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

17. அப்படி ஒரு விதி இருப்பது எனக்கும் அப்போது தெரியாது. அவர் போன பிறகுதான் சங்க விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நல்ல வேளையாக, துணை விதி 9 இருந்தது. ஒதுக்கிய கணினியின் பாகங்களைத் தனி அலுவலரின் எழுத்து மூலமான ஆணையின்றி உறுப்பினர்கள் தமக்குள் மாற்றிக்கொள்ளக் கூடாது. அதைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை மறைக்க விரும்பவில்லை. ஆணை பெற்று மாற்றினால் அது சங்கம் எனக்குச் செய்தது ஆகும். குமரகுரு கொடுத்து நான் வாங்கியதாக ஆகாது. இந்த வேறுபாட்டுக்காகத்தான் இவ்வளவு நீளமாகத் தங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

18. ஆனால் அதே விதியின் இரண்டாம் பகுதி, மாற்றத்துக்கு உடன்படும் மற்ற உறுப்பினரின் சம்மதக் கையொப்பம் மனுவின் கடைசித் தாளில் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே இந்த மனுவை எடுத்துக்கொண்டு நேற்று அடுத்த கடைக்குப் போக வேண்டியதாயிற்று. பதினேழு பத்திகளையும் எழுதி முடித்திருந்தேன். அவர் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு நின்றேன். அவர் படிக்கட்டும் என்றுகூட ஒரு பக்கம் தோன்றியது. படித்தால் கோபம் வரும், இரண்டு வார்த்தை திட்டுவார், எனக்கும் பாரம் இறங்கும் என்று நினைத்தேன்.

அவர் முதல் தாளைக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கடைசித் தாளைப் புரட்டி, “இதுல என்னங்ணா படிக்கறதுக்கு இருக்குது. நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, கையொப்பத்துக்கு மேலே ஏதோ எழுதிவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தார். அவர் என்ன எழுதினார் என்று அங்கே நின்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் பிரிக்கவில்லை. இந்தப் பத்தியை மட்டும் வேறு தாளில் எழுதி நடுவே சேர்த்து, அந்தத் தாளை மடித்த நிலையிலேயே இணைத்திருக்கிறேன்.

எனவே, தங்களிடம் பணிந்து கேட்டுக்கொள்வது யாதெனில்:

(அ) போகிப் பண்டிகையாகிய 13.01.2025க்கு முன்பாக, உறுப்பினர் எண் 17 மற்றும் 18 வசமுள்ள கிராபிக்ஸ் கார்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றி ஆணையிட வேண்டும். இரண்டு கணினிகளின் பெட்டியும் மின்வழங்கியும் ஒன்றே என்பதால் வேறு எந்த மாற்றமும் தேவைப்படாது. பத்து நிமிட வேலை.

(ஆ) பத்திகள் 7, 14, 16 ஆகியவற்றைத் தாங்கள் படித்ததோடு நிறுத்திக்கொண்டு, கோப்பில் பிறர் பார்வைக்கு வைக்காமல் இருக்க வேண்டும். தவறாகத் தேர்வு செய்தது நான்தான், சங்கம் அல்ல என்று பத்தி 5இல் எழுதியிருப்பதைத் தாராளமாக யாருக்கும் காட்டலாம்.

(இ) குமரகுருவின் கணினியிலிருந்து அந்தக் கார்டைக் கழற்றி என் கணினியில் பொருத்தும் வேலையைச் சங்க ஊழியர் ஒருவரே செய்ய வேண்டும். விதியில் இதற்கு இடமில்லை என்பதை அறிவேன். அவரே மறுபடியும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நீட்டினால், வாங்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அது என்னால் முடியாது. அந்த ஒன்றிலிருந்து மட்டும் என்னைக் காப்பாற்றுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கி,

இடம்: நாமக்கல்
நாள்: 06.01.2025

ஆ. பிரபாகர்
உறுப்பினர் எண் 17

கடைசித் தாள்: மற்ற உறுப்பினரின் சம்மதம் (துணை விதி 9, இரண்டாம் பகுதி)

அண்ணன் பிரபாகர் அவர்கள் இம்மனுவில் கேட்டிருப்பது எதுவாக இருந்தாலும் எனக்கு முழுச் சம்மதம். அவருக்கு வேலை அவசரம் என்பதால், ஆணை வரத் தாமதமானால் அதுவரை என் கணினியை அப்படியே எடுத்து அவர் கடையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு விதி எதுவும் தடையாக இருந்தால் அந்தத் தவறு என்னுடையதாக இருக்கட்டும். என் கடைச் சாவியை அறிவுச்செல்வி அண்ணியிடம் கொடுத்து வைக்கிறேன்.

குமரகுரு
உறுப்பினர் எண் 18
05.01.2025